ஆற இரண்டு ஜெபம், ஊற இரண்டு ஜெபம்

என் மைனியின் வலது புருவத்தில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அந்த இடத்தில் முடி முளைக்காது. கதவு நிலை இடித்திருக்கும், சின்ன வயதில் எங்கேயாவது விழுந்திருப்பாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு தகர டப்பா பட்டுக் கிழிந்த இடம். உள்ளங்கைக்கு அடக்கமான சின்ன டப்பாதான். மேலே கொழுந்து இலை படம் போட்டிருக்கும். உள்ளே பச்சைத் தேயிலை. கிரீன் டீ என்று இப்போது கடைக்குக் கடை சரம் சரமாகத் தொங்குகிறதே, அதுதான். அந்த டப்பாவை எறிந்தவன் என் கூடப் பிறந்த அண்ணன்.

மைனி என்றால் அண்ணன் பெண்சாதி. அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்று ரொம்ப நாள் சும்மா இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக் குடும்பம் நடத்தினேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். எழுத்தில் அலங்காரம் எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டின் நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தோம். ஒரு பாதியில் அண்ணனும் மைனியும், மறு பாதியில் நானும் என் வீட்டுக்காரியும். சுவர் ஓடு வரை ஏறாது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழம் போய் நின்றுவிட்டது. அங்கே தாளிக்கிற மணம் இங்கே வரும். அங்கே விழுகிற அடியும் இங்கே வரும்.

அண்ணன் லாரி ஓட்டினான். வெளியில் நல்ல பேர். ரோட்டில் எவன் வண்டி பஞ்சராகி நின்றாலும் இறங்கிப் போய் ஜாக்கி போட்டுக் கொடுப்பான். வீட்டுக்குள் வந்தால் அந்தக் கை வேறு கை. குழம்பில் புளி தூக்கல் என்றால் அடி. கூப்பிட்ட உடனே வரவில்லை என்றால் அடி. சத்தத்தை வைத்தே எதால் அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். பெல்ட் என்றால் முதலில் காற்று கிழிகிற சத்தம் கேட்கும். செருப்பு என்றால் 'சப்' என்று ஈரமாக விழும். கையால் அடித்தால் அடியை விட அவள் சுவரில் போய் மோதுகிற சத்தம்தான் பெரிதாக இருக்கும். எங்கள் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த காலண்டர் ஆடும். மைனி முதல் இரண்டு அடிக்குத்தான் கத்துவாள். அதற்குப் பிறகு அடி மட்டும் கேட்கும், அவள் குரல் கேட்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

தாங்க முடியாமல் நான் என்ன செய்தேன்? முழங்கால் போட்டேன். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்குகிற பரமண்டல ஜெபத்தைச் சொல்வேன், அரை நிமிஷ ஜெபம். அடி நிற்கும் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். சாதாரண நாளில் மூன்று ஜெபத்துக்குள் நின்றுவிடும். குடித்துவிட்டு வந்த நாள் என்றால் ஏழு, எட்டு ஆகும். நின்றதும் "ஸ்தோத்திரம்" என்று எழுந்து, கை கழுவி, சாப்பிட உட்காருவேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுத்தான் அண்ணன் கையைத் தடுத்தார் என்று மனதார நம்பினேன். பதினோரு வருஷம் அப்படி நம்பினேன்.

அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சு வலி வந்தது. பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர் நிதானமாகச் சொன்னார். குடியை விட வேண்டும், பீடியை விட வேண்டும், தினம் காலையும் ராத்திரியும் மாத்திரை போட வேண்டும், பத்துத் தடவை சீனி போட்டுப் பால் டீ குடிப்பதை நிறுத்த வேண்டும். "டீ இல்லாம இருக்க முடியாதுன்னா சீனி இல்லாம கிரீன் டீ குடிங்க, தப்பில்ல" என்று கடைசியாக ஒரு வார்த்தை. பக்கத்தில் நின்ற நான் எல்லாவற்றையும் கேட்டேன். அண்ணன் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கேட்டான்.

அன்று சாயங்காலமே டப்பாவை வாங்கிக்கொண்டு வந்து மைனி முன்னால் வைத்தான்.

"ஏட்டி, இது பச்ச டீ. இனி எனக்கு இதுதான். பாலும் கெடையாது, சீனியும் கெடையாது."

பச்சை என்றால் நம் ஊரில் நிறம் மட்டுமா? காய்ச்சாத தண்ணீர் பச்சைத்தண்ணி. வேகாத காய் பச்சைக் காய். பிள்ளை பெற்றவள் உடம்பு பச்சை உடம்பு. மைனி படித்தது மூன்றாம் வகுப்பு. பச்சை டீ என்றால் அடுப்பில் ஏற்றாத டீ என்று அவளுக்குப் பட்டது. நெஞ்சு வலிக்காரனுக்குச் சூடு ஆகாது போல, அதனால்தான் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று அவளே ஒரு காரணமும் பிடித்துக்கொண்டாள். பானையில் மொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு கரண்டி இலையைப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இலை மேலே மிதந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"என்னட்டி இது? மாட்டுக்குக் காடி கலக்கிக் கொண்டாந்திருக்க?"

"பச்ச டீன்னு சொன்னியளே. பச்சத்தண்ணியிலதான போடணும்?"

சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எங்கள் வாயில் இருக்கும்போதே டப்பா சுவரில் மோதி உருண்டது கேட்டது. சுவரில் மோதும் முன்னால் அது மைனியின் புருவத்தில் பட்டிருந்தது. மூடியின் விளிம்பு கத்தி மாதிரி இருந்திருக்கிறது. என் வீட்டுக்காரி ஓடிப்போய்ப் பார்த்தபோது, கண்ணிலும் கன்னத்திலும் இரத்தம் வடிய வடிய மைனி தரையில் கொட்டிய இலையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாளாம். "வீணாப் போயிரும்லா" என்றாளாம்.

மறுநாள் அவள் பழைய பழக்கத்தில் அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டாள். பச்சைத் தேயிலையைக் கொதிக்கவிட்டால் வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்த மாதிரி ஆகிவிடும். நாக்கு சுருண்டு போகும். ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணன் மிச்சத்தை அவள் மடியில் ஊற்றினான். பிறகு மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். காலண்டர் கீழே விழுந்தது. நான் முழங்காலில் இருந்தேன்.

அதன் பிறகு என் வீட்டுக்காரிதான் டப்பா வாங்கிய கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் பக்குவம் கேட்டு வந்தாள். அவர் சொன்னது இன்றைக்கும் சரிதான். இது வேறு செடியின் இலை இல்லை. நம் மேற்கு மலையில் மேகத்துக்குள் நிற்கிற அதே தேயிலைச் செடிதான். கறுப்புத் தேயிலை என்றால் பறித்து, நசுக்கி, கறுக்கவிட்டுக் காயவைப்பார்கள். இதைப் பறித்ததும் சூடு காட்டிக் காயவைத்துவிடுவார்கள்; அதனால் பச்சை போகாது. தண்ணீர் கொதித்ததும் இறக்கிவிட வேண்டும். சூடு கொஞ்சம் தணிய வேண்டும். பிறகு இலையைப் போட்டு மூட வேண்டும். அதிக நேரம் ஊறினால் கசக்கும், குறைந்தால் வெந்நீர். வடித்தால் இளம் மஞ்சளும் பச்சையுமாக, ஆற்றங்கரை நாணல் நிறத்தில் நிற்க வேண்டும். வைக்கோல் போரைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசம் வரும். வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும். இரத்தச் சத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் அதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. இது மருந்து இல்லை, ஒரு பானம், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் காலையும் மாலையும் சுவருக்கு அந்தப் பக்கம் மைனி பரமண்டல ஜெபம் சொல்வது கேட்க ஆரம்பித்தது. முணுமுணுப்பாக, ஒரே சீராக, நான்கு தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, மைனி ஜெப வாழ்க்கைக்குள்ள வந்துட்டா. இனி ஆண்டவர் அந்த வீட்டப் பாத்துக்கிடுவாரு" என்றேன்.

என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே சொன்னாள்: "அது ஜெபம் இல்ல, டீ."

"என்னது?"

"தண்ணி ஆற ரெண்டு ஜெபம். எல ஊற ரெண்டு ஜெபம். அவ அடுப்பாங்கரையில கடியாரம் இல்ல. கூடக்கொறய ஆனா அடி. அதான் எண்ணுதா." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க அடிய எண்ணுதிய. அவ அடி விழாம இருக்க எண்ணுதா. ஒரே ஜெபந்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது. ஜெபத்தைக் கேலி பண்ணுகிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் ஆறு மாதத்தில் மாத்திரையை விட்டுவிட்டான். பச்சை டீ நெஞ்சில் உள்ள கொழுப்பையெல்லாம் கரைத்துவிடும் என்று கூட ஓட்டுகிற டிரைவர் யாரோ சொல்லியிருக்கிறான். பத்துத் தம்ளர் பால் டீ போய்ப் பதினைந்து தம்ளர் பச்சை டீ ஆனது. ராத்திரி தூக்கம் இல்லை, கண் சிவந்து கிடக்கும், குடியும் நிற்கவில்லை. டீயில் பதம் தப்பியிருக்கிறதா என்று பார்க்க முதல் வாயை மைனி குடித்துக் காட்ட வேண்டும். விடிந்ததும் வெறும் வயிற்றில் அவள் குடிப்பாள், குமட்டிக்கொண்டு வரும், வாந்தி எடுத்தால் அதற்கும் அடி. அவளுக்கு இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதையும் அந்த டீயோடுதான் விழுங்கினாள். வரவர நகமெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, வேதாகமத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் மைனி முதல் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டு, "மாத்திரையும் போட்டுக்கிடுங்க. நேத்து ரெண்டு தடவ நெஞ்சப் புடிச்சிய" என்றாள். தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"எனக்குப் புத்தி சொல்லுதியா நீ?"

அப்போதுதான் இறக்கி வைத்த தண்ணீர். ஒரு ஜெபம்கூட ஆறவில்லை. சட்டியோடு தூக்கி அவள் கழுத்திலும் வலது கையிலும் ஊற்றினான். அவள் கத்திய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அது பெண்பிள்ளை கத்துகிற மாதிரியே இல்லை. நான் முழங்கால் போட்டுவிட்டேன். கால் தானாக மடங்கிவிட்டது. என் வீட்டுக்காரி என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மைனி மேல் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தால் அண்ணன் நெஞ்சில் ஓங்கி இடித்தாளாம். அவன் கதவில் சாய்ந்து நின்றுவிட்டானாம். நான் போய்ச் சேர்ந்தபோது மைனியின் கழுத்துத் தோல் சேலைத் தலைப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று டாக்டரம்மா கேட்டார்கள். மைனி பேசுகிற நிலையில் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. என் வீட்டுக்காரி மருந்து வாங்கப் போயிருந்தாள். அண்ணன் எனக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது.

"டீ போடும்போது சட்டி கை தவறிக் கவுந்துட்டும்மா" என்றேன்.

டாக்டரம்மா என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்கள், என் கையில் இருந்த வேதாகமத்தைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். மைனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு ஆள் எவ்வளவு பாரம் சுமப்பான் என்று தெரிந்துகொண்ட மாதிரி ஒரு பார்வை. நம் ஊரில் வாய் கூசாமல் சொல்கிற பொய்யைப் பச்சைப் பொய் என்பார்கள். பச்சைப் புண்ணின் மேல் அந்தப் பொய்யைத் தடவிவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பொய்யால்தான் மைனி மறுபடி அதே வீட்டுக்குப் போனாள். கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகவில்லை, ஆறாத கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். மறுநாள் அவன் லோடு ஏற்றப் போன பிறகு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"தம்பி, அடுத்த தடவ நான் செத்துருவேன். போலீசுல போய்ச் சொல்லப்போறேன். ஆனா நான் சொன்னா, ஆஸ்பத்திரியில கை தவறுனதுன்னுதான எழுதியிருக்குன்னு கேப்பாங்க. அத எழுத வச்சது நீங்க. நீங்க வந்துதான் அத எடுக்கணும்."

"அண்ணன்கிட்ட நான் பேசுதேன் மைனி. ஜெபிப்போம்…"

"நீங்க பேசவும் வேண்டாம், ஜெபிக்கவும் வேண்டாம். வாரியளா, இல்லியா?"

கேள்வி அவ்வளவுதான். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வரவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்று கேட்பதற்காகப் பாத்திரம் தேய்ப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்கிறதா? சபையில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நான் பொய் சொன்னேன் என்று நானே போய்ச் சொல்கிறதா? எல்லாம் வந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் மின்னியது. நான் சட்டையை மாட்டினேன். அன்று வேதாகமத்தை எடுக்கவில்லை, கை கூசியது.

இரண்டு பேரும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனோம். மகளிர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்கள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீரு. இன்னைக்கு இங்கன வந்து ஒண்ணு சொல்லுதீரு. எதுய்யா பொய்?"

"அன்னைக்குச் சொன்னது பொய்ம்மா."

"ஏன் சொன்னீரு?"

"பயந்து சொன்னேன்."

"யாருக்குப் பயந்து? அடி வாங்குனது நீரா?"

எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். மைனியை அன்றே ஒரு விடுதியில் தங்க ஏற்பாடு செய்தார்கள். நான் தனியே திரும்பினேன்.

அண்ணனுக்கு எனக்கு முன்னே சேதி போயிருந்தது. போலீஸ் வருவதற்குள் அவன் வந்துவிட்டான். லாரி டயர் கழற்றுகிற வீல் ஸ்பேனரோடு தெருமுனையில் நின்றான்.

"ஏலே, கையெழுத்துப் போட்டியாமே. எந்தக் கைல?"

தடுக்க இடது கையைத் தூக்கினேன். முதல் அடியிலேயே முழங்கைக்குக் கீழே முறிந்தது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். இரண்டாவது அடி தோளில். விழுந்தேன். பழக்க தோஷம், வாய் ஜெபத்தைத் தொடங்கியது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. மூன்றாவது அடியில் அந்த வரியும் போய்விட்டது. வாயில் மண்ணும் இரத்தமும்தான். அடி வாங்குகிறவனுக்கு ஜெபம் வராது. "யாராவது வாங்களேன்" என்றுதான் வரும். அதைத்தான் கத்தினேன். தெருவில் கதவுகள் திறந்தன. பார்த்தார்கள். மூடிக்கொண்டார்கள். சில வீட்டுக்குள் எனக்காக ஜெபித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரியும் எதிர்த்த கடைச் சாயபுவும் வந்துதான் அவன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினார்கள்.

அண்ணன் உள்ளே போனான். ஜாமீனில் வந்து வேறு ஊரில் தங்கினான். இரண்டு வருஷத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடைத்துப் போய்விட்டான். தேயிலை அவனைக் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. நான் அடக்கத்துக்குப் போய் அழுதேன். அழுகை உண்மையாகத்தான் வந்தது. கூடப் பிறந்தவன் அல்லவா.

மைனி இப்போது சேரன்மகாதேவியில் ஒரு மாணவிகள் விடுதியில் சமையல் வேலை செய்கிறாள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை நானும் வீட்டுக்காரியும் போய்ப் பார்ப்போம். சதை போட்டிருக்கிறாள், நகம் சிவந்திருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மைனி, நான் ஸ்டேஷனுக்கு வந்தேன்லா. அதோட அது தீந்துதா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தீந்துதுன்னு சொன்னா ஒங்களுக்கு நல்லாருக்கும். தீரல தம்பி. பதினோரு வருசம்லா." ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "ஆனா வந்தியள். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் குடிவந்திருக்கிறான். போன மாதம் ஒரு சாயங்காலம், நான் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தது. ஒரு அடி. ஒரு கத்தல். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். இன்னும் ஒரு கத்தல்தான் வரும், பிறகு வராது. செருப்பை மாட்டினேன். கோணலாகச் சேர்ந்த இடது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. அப்படியே பனியனோடு இறங்கினேன்.

"ஜெபத்துக்கு ஒக்காரலியா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"போயிட்டு வந்து ஜெபிக்கேன்" என்றேன்.

கதவைத் தட்டினேன். அந்தப் பையன் மூச்சு வாங்கத் திறந்தான்.

"என்ன பெரியவரே? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ப்பா. சும்மா இங்கன உக்காந்துட்டுப் போறேன்" என்று அவன் வாசல்படியில் உட்கார்ந்தேன். அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், ஏசினான். நான் எழுந்திருக்கவில்லை.